எண்பது லிட்டர் ‘யெஸ் செஃப்’

2006 நவம்பர். கப்பலேறிப் பதினோராவது நாள். கேலியில், அதாவது கப்பல் சமையலறையில், எனக்கு யுட்டிலிட்டி வேலை. ஊரில் அதை ஏதோ பதவி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவுவது, தரை தேய்ப்பது, குப்பை பிரிப்பது மூன்றும் சேர்ந்த பெயர்தான் அது. இரவு பதினொன்றரை இருக்கும். மூன்று கெட்டில்களைக் கழுவி வைக்கும் பொறுப்பு என்னுடையது. கெட்டில் என்றால் டீ போடுகிற சமாசாரம் இல்லை. நம் கல்யாண வீட்டு அண்டா அளவு இருக்கும். அடியில் நெருப்பு கிடையாது. இரட்டைச் சுவருக்கு நடுவே நீராவி ஓடிக் கொதிக்க வைக்கும். கீழே ஒரு வால்வு. திறந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் நேராகச் சாக்கடைக்கு.

சூ செஃப், அதாவது தலைமைச் சமையல்காரருக்கு அடுத்தவர், ஜமைக்காக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், வேகமான நடை. மேலே எக்ஸாஸ்ட் இரைச்சல், முதுகுப் பக்கம் டிஷ்வாஷர் இரைச்சல். போகிற போக்கில் மூன்றாவது கெட்டிலை ஒரு தட்டு தட்டி என்னவோ சொன்னார். என் காதுக்கு வந்து சேர்ந்தது “ட்ரெயின் டட் ஒன், மேன்” என்பது மட்டும். “யெஸ் செஃப்” என்றேன். வால்வைத் திறந்தேன்.

காலையிலிருந்து மாட்டெலும்பும் வெங்காயமும் கேரட்டும் கொதித்துக் கொதித்து இறங்கிய ஸ்டாக், எண்பது லிட்டர், பழுப்பு நிறத்தில் ஆவி பறக்க ஓடியது. மறுநாள் வெங்காய சூப் அதில்தான் வைக்க வேண்டும். அவர் சொன்னது “டோன்ட் ட்ரெயின் டட் ஒன்.” அந்த ‘டோன்ட்’டை எக்ஸாஸ்ட் தின்றுவிட்டது.

திரும்பி வந்தவர் கத்தவில்லை. காலி கெட்டிலை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “புரியலேன்னா எதுக்கு யெஸ் சொன்னே?” என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இங்கிலீஷில் கேட்டார். அதற்கும் நான் சொன்ன பதில், “யெஸ் செஃப்.”

இருபது வருஷம் ஆகப்போகிறது. கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள் “அண்ணே, எவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்சா போதும்?” என்று கேட்கும்போதெல்லாம் அந்தப் பழுப்புத் தண்ணீர் வால்வு வழியாகப் போகிற சத்தம்தான் முதலில் காதில் கேட்கிறது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்ல முடியாது. நாகர்கோவில் பக்கம் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ, மதுரையில் கேட்டரிங் டிப்ளமா. ‘மை நேட்டிவ் பிளேஸ்’ கட்டுரையை இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் சென்னையில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார். மாலுமிகளிடம் வேலை வாங்கித் தருவதற்குக் காசு வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எங்கள் ஏஜென்ட் அதை ‘டாக்குமென்ட் சார்ஜ்’ என்று எழுதி வாங்கிக்கொண்டார். பயிற்சி என்பது பத்துக் கேள்வி, பத்துப் பதில். ஏன் கப்பலில் வேலை செய்ய விரும்புகிறாய், உன் பலம் என்ன, பலவீனம் என்ன. பேட்சில் இருந்த பதினெட்டுப் பேருக்கும் ஒரே பலம், ஒரே பலவீனம்.

நேர்காணலுக்கு வந்தவர் வெள்ளைக்காரப் பெண்மணி. எங்களைப் போல எத்தனை பேட்ச்சைப் பார்த்திருப்பார்! என் முறை வந்தபோது காகிதத்தை மூடிவைத்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் “ஐயம் ஹார்ட் ஒர்க்கிங் அண்ட் சின்சியர்” என்றேன். அவர் சிரித்து, மறுபடி கேட்டு, இட்லி எப்படிச் செய்வது என்று சொல்லச் சொன்னார். உளுந்து ஊறவைப்பதில் தொடங்கித் தட்டுத்தடுமாறி ஆவி வரைக்கும் வந்துசேர்ந்தேன். எடுத்துக்கொண்டார்கள். இட்லிதான் என்னைக் கப்பலேற்றியது என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். பிறகு சிடிசி என்கிற மாலுமிப் புத்தகம், தீயணைப்பு, முதலுதவி, லைஃப் ஜாக்கெட்டோடு குளத்தில் குதிப்பது, அமெரிக்க விசா. அதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான்.

அந்த ‘யெஸ்’ எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். ஊரில் பெரியவர் ஏதாவது சொன்னால் “சரிங்க” என்கிறோம். அதற்கு, சொன்னது புரிந்தது என்று பொருள் இல்லை. உங்கள் குரல் விழுந்தது, உங்களை மதிக்கிறேன் என்பதுதான் பொருள். என்ன சொன்னார் என்பதைப் பக்கத்தில் இருப்பவனிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். வாத்தியாரிடம் “புரியலை சார்” என்று எழுந்து நின்றவன் என்ன பாடுபட்டான் என்பதும் நமக்குத் தெரியும். அந்தச் ‘சரிங்க’வைத்தான் நான் ‘யெஸ் செஃப்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேலியில் ‘யெஸ்’ என்றால் செய்யப்போகிறேன் என்று அர்த்தம்.

கேலியின் இங்கிலீஷ் சிறியது. சூடான தட்டோடு பின்னால் வருகிறவன் “ஹாட், பிஹைண்ட்!” என்று கத்துவான். திருப்பத்தில் “கார்னர்!” கையில் கத்தி இருந்தால் “ஷார்ப்!” அதைக் கேட்டு ஒதுங்காதவனுக்குத் தழும்பு நிச்சயம். மெஸ்ஸில் வேறொரு பாஷை. சோம்பேறிக்கு ‘மாமகாயோ’, கிறுக்கனுக்கு ‘பாபாலூ’, ஊர்க்காரனுக்கு ‘பைசானோ’. எந்த நாட்டுச் சொல் என்று யாரும் கேட்பதில்லை. இந்தோனேசியனும் கோவாக்காரனும் பெருவியனும் அதே சொற்களால்தான் திட்டிக்கொள்வார்கள். ஃபிலிப்பைன்ஸ்காரர்கள் போனில் “ஃபார் எ வைல், மேம்” என்பார்கள். கொஞ்சம் லைனில் இருங்கள் என்று அர்த்தம். மறுமுனையில் அமெரிக்கப் பாட்டி எதற்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று விழித்துக்கொண்டிருப்பார். நாங்கள் மட்டும் என்னவாம்? “ஐ ஹேவ் எ டவுட்” என்று சந்தேகம் கேட்கப் போய், மேலதிகாரியை நம்பவில்லை என்று பெயர் வாங்கியவர்கள் நம்மில் அநேகம்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் அந்த ஊர் சுகாதார ஆய்வாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் ஏறுவார்கள். அவர்களை அனுப்புகிற மையத்துக்கும் சுருக்கப் பெயர் சிடிசிதான். என் பெட்டியில் இருந்த சிடிசி வேறு, இந்த சிடிசி வேறு என்று புரியவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நூற்றுக்கு மதிப்பெண், 85 வந்தால் தோல்வி. ஒரு தடவை ஆய்வாளர் பாட் வாஷில் நின்ற இந்தோனேசியப் பையனிடம் வந்தார். டிஷ்வாஷரின் கடைசி அலசலில் எத்தனை டிகிரி என்று கேட்டால் 82 என்று சொல்ல அவன் தயாராக இருந்தான். அவர் கேட்டதோ, “இந்தப் பாத்திரம் சுத்தம் என்று உனக்கு எப்படித் தெரியும்?” பையன் முகம் வெளிறிவிட்டது. ஒரு நிமிஷம் கழித்து, “சார், ஐ ஷோ” என்றான். சோப்புத் தண்ணீர், அலசுகிற தண்ணீர், கிருமிநாசினி என்று மூன்று தொட்டிகளையும் வரிசையாகத் தொட்டுக் காட்டினான். சோதனைத் தாளை நனைத்து நிறத்தைப் பக்கத்தில் பிடித்துக் காட்டினான். ஆய்வாளர் தலையசைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார். அந்த ‘ஐ ஷோ’வில் இலக்கணம் பிழை. எங்களில் பெரும்பாலோருக்கு அதைச் சொல்லத் தைரியம் வந்திருக்காது.

மூன்றாவது காண்ட்ராக்டில் டைனிங் ரூமுக்கு வந்தேன், அசிஸ்டென்ட் வெயிட்டராக. யுட்டிலிட்டிக்கு டிப்ஸ் இல்லை, வெயிட்டருக்கு உண்டு. நடுவில் நிற்கிற சுவர் இங்கிலீஷ்தான். மாடிப்படி இரண்டு ஏறினால் வேறொரு பாஷை என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

முதல் வாரம் ஒரு தம்பதியிடம் “வாட் டு யூ வான்ட்?” என்றேன். இருவர் முகமும் சுருங்கியது. எனக்குக் காரணம் புரியவில்லை. “என்ன வேணுங்க?” என்று கேட்டால் நம் ஊரில் யார் கோபித்துக்கொள்வார்கள்? யோசித்தால் அந்த ‘ங்க’வில்தான் விஷயம் இருக்கிறது. நமக்கு மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இங்கிலீஷ் வினைக்கு அந்த வால் இல்லை. ராஜாவுக்கும் ‘யூ’, ராத்திரிக் காவலாளிக்கும் ‘யூ’. அதனால் மரியாதையை முன்னால் தனியாகக் கட்டி இழுத்துவர வேண்டியிருக்கிறது: ‘மே ஐ’, ‘வுட் யூ லைக்’, ‘குட் ஐ ப்ரிங் யூ’. மூன்று சொல் கூடுதலாகச் சொன்னால் டிப்ஸ் கூடியது. இது என் சொந்த ஆராய்ச்சி முடிவு. ‘வாரர்’ என்று அவர்கள் கேட்பது தண்ணீர் என்று தெரிய இரண்டு நாள். காப்பி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டால் நான் ஆனந்தமாக நம் பாணியில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். கிடையாது என்று நினைத்துக்கொண்டு கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். ஒன்று மட்டும் அப்படி இல்லை.

அன்று மெனுவில் சிக்கன் கோர்மா. ஒரு பாட்டியும் ஏழெட்டு வயதுப் பேரனும். பையன் கோர்மா கேட்டான், கொண்டுவந்து வைத்தேன். பாட்டி நிமிர்ந்து, “தேர் ஆர் நோ நட்ஸ் இன் திஸ், ரைட்?” என்றார். அலர்ஜி என்ற சொல் வந்திருந்தால் உடனே ஹெட் வெயிட்டரைக் கூப்பிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. கோர்மாவில் முந்திரி அரைத்து ஊற்றியிருக்கிறது என்பது அந்த டைனிங் ரூமில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நான் சொன்னது: “நோ மேடம்.”

தமிழில் வைத்துப் பாருங்கள். “இதுல முந்திரி இல்லைதானே?” “இல்லம்மா, இருக்கு.” அந்த ‘இல்ல’ முந்திரியைப் பற்றியது அல்ல, நீங்கள் நினைப்பது சரியில்லை என்பது. ‘இருக்கு’ என்கிற மிச்சத்தை இங்கிலீஷில் கோத்து எடுக்க எனக்கு இரண்டு விநாடி தேவைப்பட்டது. பாட்டிக்கோ ‘நோ’ என்றதுமே பதில் கிடைத்துவிட்டது. அவர் பையனைப் பார்த்துத் தலையசைத்தார். பையன் ஸ்பூனை எடுத்துவிட்டான்.

பக்கத்து மேசையில் நின்ற ஹெட் வெயிட்டர், ஃபிலிப்பைன்ஸ்காரர், ஒரு எட்டில் வந்து தட்டின் மேல் கையை வைத்தார். “எஸ் மேம், தேர் ஆர் கேஷ்யூ நட்ஸ் இன் தி சாஸ்.” முழு வாக்கியம். பாட்டியின் கை தன் கைப்பைக்குப் போனதைப் பார்த்தேன். அதற்குள் பையனுக்கான ஊசி மருந்து இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அன்றிரவு ஹெட் வெயிட்டர் என்னைத் தனியாக அழைத்தார். திட்டத்தான் என்று நினைத்தேன். “எங்கள் டகாலோக்கிலும் இப்படித்தான். கேள்வியில் ‘இல்லை’ இருந்தால் எங்கள் ஆமாவும் இல்லையும் இடம் மாறிவிடும். அதனால் நான் வெறும் யெஸ், வெறும் நோ சொல்வதே இல்லை. பின்னால் முழுசாகச் சொல்” என்றார். எனக்குத் தெரிந்த அத்தனை இங்கிலீஷ் வாத்தியார்களிலும் அவர்தான் பெரியவர்.

அவர் சொன்னதை அச்சில் பார்த்தது ஒரு வருஷம் கழித்து. கொச்சிக்காரத் தேர்ட் ஆஃபீசர் ஒருவர், நல்ல மனுஷன், க்ரூ பாரில் சந்தித்தபோது என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு புத்தகம் தந்தார். கடலில் பேச வேண்டிய இங்கிலீஷ் சொற்றொடர்களைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் தொகுத்து ஏற்றுக்கொண்டது. பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்துகிற அறையில், இருப்பவர்கள் படித்துத் தேற வேண்டிய புத்தகம். வெயிட்டருக்கு அதில் என்ன வேலை என்று புரட்டினால், முதல் பக்கங்களிலேயே இருக்கிறது: பதில் ஆம் என்றால் ‘யெஸ்’ என்று சொல்லி அதோடு முழுச் சொற்றொடரையும் சொல்; இல்லை என்றால் ‘நோ’ சொல்லி அதோடும் முழுச் சொற்றொடரைச் சொல். சரியாகக் கேட்கவில்லையா, ‘சே அகெய்ன்’. கேட்டது ஆனால் புரியவில்லையா, ‘மெசேஜ் நாட் அண்டர்ஸ்டுட்’. புரியவில்லை என்று சொல்வதற்கு உலக நாடுகள் உட்கார்ந்து ஒரு வாக்கியம் செய்து வைத்திருக்கின்றன! எண்பது லிட்டர் ஸ்டாக் கண் முன்னால் ஓடியது.

இன்னொன்றும் இருந்தது. எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டுமாம். 150 என்றால் ‘ஒன் ஃபைவ் ஜீரோ’. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம் நமக்கு மட்டும் இல்லை என்று அன்றுதான் ஆறுதல். சுக்கான் கோணத்துக்கு மட்டும் விதிவிலக்கு, அங்கே ‘ஃபிஃப்டீன்’ என்றே சொல்ல வேண்டும். பிரிட்ஜில் அதிகாரி “போர்ட் டென்” (இடப்பக்கம் பத்து டிகிரி) என்றால் சுக்கான் பிடிப்பவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார், திருப்பி முடித்ததும் மறுபடி சொல்வார்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு ஒரு பக்கம். ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’ ஆகியவை இருபொருள் தருகிற சொற்கள், தவிர்க்கவும் என்று எழுதியிருந்தது. நான் மாடியில் படாதபாடு பட்டுக் கற்று, டிப்ஸ் வாங்கிக்கொண்டிருந்த அதே சொற்கள்! ஒரே கப்பலில் மேசைக்கு ஒரு இங்கிலீஷ், ஆபத்துக்கு ஒரு இங்கிலீஷ். ஒன்றில் மரியாதையாக இருப்பது மற்றதில் குற்றம்.

அது வெறும் புத்தக விஷயம் இல்லை என்பது அடுத்த ட்ரில்லில் தெரிந்தது. வெயிட்டர், ரூம் ஸ்டூவர்ட், சூதாட்டக் கூடத்தில் சீட்டுப் போடுகிறவர் என்று கப்பலில் ஒவ்வொருவருக்கும் ஆபத்துக்கால வேலை ஒன்று உண்டு. நான் ஸ்டேர்வே கைடு. மாடிப்படித் திருப்பத்தில் நின்று பயணிகளை மஸ்டர் ஸ்டேஷனுக்கு, அதாவது ஆபத்தில் கூட வேண்டிய இடத்துக்கு, அனுப்ப வேண்டும். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு, “குட் ஈவினிங் சார், வுட் யூ மைண்ட் கோயிங் திஸ் வே, ப்ளீஸ்?” என்றேன். சேஃப்டி ஆஃபீசர் பின்னாலிருந்து, “நெருப்பு பற்றி எரிகிறது, நீ மெனு கார்டு கொடுக்கிறாயா?” என்றார். அவர் சொல்லித் தந்தது மூன்றே: “வாக். திஸ் வே. கீப் ரைட்.” கூடவே கை. கையை நீட்டி, விரல்களைச் சேர்த்து, தோளிலிருந்து வீச வேண்டும். பயணிகள் கப்பலில் ஆபத்தில் உதவுகிறவருக்கு அடிப்படை இங்கிலீஷ் சொற்களும், பாஷை உதவாத இடத்தில் சைகையும் செயல்முறையும் தெரிந்திருக்க வேண்டும் என்று சர்வதேசப் பயிற்சி விதியிலேயே இருக்கிறது. அந்த இந்தோனேசியப் பையனின் ‘ஐ ஷோ’ விதிப்புத்தகத்தில் இருப்பது அவனுக்குத் தெரியாது.

இவ்விதிகள் சும்மா வந்துவிடவில்லை. 1990 ஏப்ரல் 7 அதிகாலை, ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் போய்க்கொண்டிருந்த ஸ்கேண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் தீ. 159 பேர் இறந்தார்கள். வேலையாட்கள் பலர் போர்ச்சுக்கீசியர்கள், பயணிகளோ பெரும்பாலும் நார்வேக்காரர்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை. புகைக்குள் அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில் நிற்கிற ஆளாக என்னை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

2012 ஜனவரி 13 இரவு கோஸ்டா கான்கார்டியா இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதியபோது நான் கரீபியனில் இருந்தேன். க்ரூ மெஸ் டிவி முன்னால் நின்ற கூட்டத்தில் யாரும் பேசவில்லை. 32 பேர் போனார்கள். கரைக்கு அவ்வளவு நெருக்கமாகக் கப்பலைக் கொண்டுபோனதுதான் காரணம். கேப்டன் சிறைக்குப் போனார். ஆனால் விசாரணையில் ஒரு சிறு விஷயம் வந்தது. கடைசி நேரத்தில் கேப்டன் இடப்பக்கம் திருப்பச் சொல்ல, சுக்கான் பிடித்த இந்தோனேசியர் வலப்பக்கம் திருப்பிவிட்டார். திருத்தச் சில விநாடிகள் ஆயின. அந்த விநாடிகளால் முடிவு மாறியிருக்காது என்றார்கள். மாறியிருக்காதுதான். இருந்தாலும் எங்கள் மெஸ்ஸில் அந்த மனிதரைப் பற்றித்தான் அதிகம் பேசினோம், கேப்டனைப் பற்றி அல்ல. அடுத்த மாதமே, கப்பல் கிளம்புவதற்கு முன்பே பயணிகளுக்கு மஸ்டர் ட்ரில்லை முடித்துவிடுவது என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் முடிவெடுத்தன. எனக்கும் படிக்கட்டில் வேலை கூடியது.

2020 மார்ச்சில் சொகுசுக் கப்பல்கள் எல்லாம் நின்றபோது இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. இப்போது வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் ஆறேழு பையன்கள் வருகிறார்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பையன்கள். இலக்கணம் நான் நடத்துவதில்லை. அதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. கீழேயிருந்து கிரைண்டரையும் மிக்ஸியையும் மேலே கொண்டுவந்து இரண்டையும் ஓடவிடுவேன். அரிசி போடாமல் ஓடுகிற கிரைண்டரைப் பார்த்தால் என் மனைவிக்குக் கோபம் வரும். அந்தச் சத்தத்துக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு இங்கிலீஷில் ஒரு வேலை சொல்வேன். “டோன்ட் டச் தி ரெட் பக்கெட். பிரிங் தி கிரே ஒன்.” தலையாட்டினால் ஐந்து ரூபாய் அபராதம். வெறும் ‘யெஸ்’ என்றால் பத்து. உண்டியல் நிறைந்தால் பரோட்டா. ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை பரோட்டா சாப்பிட்டோம். இப்போது மாதம் ஒன்று வருவதே பெரிது.

போன மாதம் ஒரு குளச்சல் பையன் சைன் ஆன் ஆனான். கேலி யுட்டிலிட்டி. நாலாம் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. பின்னணியில் அதே எக்ஸாஸ்ட் இரைச்சல்.

“அண்ணே, இன்னைக்கு செஃப்கிட்ட மூணு தடவ ‘சே அகெய்ன்’ சொன்னேன். மூணாவது தடவ ரொம்பத் திட்டிட்டாரு.”

“அப்புறம் என்ன மக்கா செஞ்ச?” என்று திருப்பி அனுப்பினேன்.

பதில் விடிகாலையில்தான் வந்தது. “நாலாவது தடவையும் சொன்னேன். பேனாவ எடுத்து என் கைல எழுதிட்டாரு.” கூடவே ஒரு போட்டோ. சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய உள்ளங்கை, நீல மையில் பெரிய எழுத்தில்: ‘நாட் திஸ் ஒன்.’